எங்கள் வீட்டுப் புளிய விளார்

கள்ளக்குறிச்சி
16.11.2024

அன்பு மகள் தேவிப்ரியாவுக்கு,

கழுத்தில் மாலையோடு மேடையில் நின்று, முன்வரிசையில் இருந்த பச்சைப்பிள்ளை பயத்தில் பாவாடையை நனைக்கும்படி பேசிய சிறப்பு விருந்தினர் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நீ போனை எடுப்பதில்லை. வெள்ளிமலையில் டவர் இல்லை போலிருக்கிறது என்று உன் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "எனக்கு மட்டும் எப்படி கிடைக்குது?" என்று கேட்டுவிட்டாள். அதனால்தான் கடிதம்.

தமாஷ் என்று நினைத்துத்தான் செய்தேனம்மா. எங்கள் காலத்தில் வாத்தியாருக்குப் பிள்ளைகளை அடிக்க விளார் வெட்டிக் கொடுப்பதே பெற்றவர்கள்தான். எங்கள் கிணற்றுமேட்டில் புளியமரம் இருந்ததால் அந்தப் பெருமை எங்கள் வீட்டுக்கு. "உடைஞ்சிட்டா சொல்லியனுப்புங்க சார், வேற வெட்டியாறேன்" என்பார் உன் தாத்தா, நாராயணசாமி வாத்தியாரிடம். உங்கள் பள்ளியில் பிள்ளைகள் உன்னைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து பாட்டுப் பாடுவதைப் பார்த்ததும், இது பள்ளிக்கூடமா கல்யாண வீடா என்று எனக்கு வாய் நமநமத்தது. குழந்தைகள் தினமும் அதுவுமாக, அதே மரத்தில் வெட்டிய விளாருக்குச் சிவப்பு ரிப்பன் கட்டி உன் கையில் கொடுத்து, "வாங்குன அடியிலதான் நான் மனுசனானேன், நீயும் தாராளமா வெளு டீச்சரம்மா!" என்றேன். கைதட்டுவார்கள் என்று நின்றேன். உங்கள் ஹெட்மாஸ்டர் மட்டும் தட்டினார். நான் வாங்கிக் கொடுத்த பீரோவுக்கு நன்றிக்கடன். உன் முகத்தைப் பார்த்ததும் அவரும் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். அந்தப் பிள்ளை எழுந்து தன் காலடியைப் பார்த்தது. நான் சிரித்தேன். பாழாய்ப்போன மைக் அன்றைக்கென்று நன்றாக வேலை செய்தது.

வீட்டில் சாம்பாரில் உப்பு கம்மியாகிவிட்டது. காரணம் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

வெட்கங்கெட்ட உன் அப்பா,
வெங்கடேசன்

வெள்ளிமலை
22.11.2024

அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. சிரிப்பு வரவில்லை.

அந்தப் பிள்ளையின் பெயர் வெண்ணிலா. அன்றிலிருந்து பள்ளிக்கு வரவில்லை. அவள் அப்பா இரண்டாம் வகுப்பில் அடி தாங்காமல் ஓடிப்போனவர். மகளை அனுப்ப அவரைச் சம்மதிக்க வைக்கவே எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. நேற்று வீட்டுக்குப் போனேன். கதவுக்குப் பின்னாலிருந்து, "குச்சி இப்ப எங்க டீச்சர்?" என்று கேட்டாள். தூக்கிப் போட்டுவிட்டேன் என்றேன். நம்பவில்லை. எப்படி நம்புவாள்? நீங்கள் நீட்டியதும் நான் வாங்கிக்கொண்டேனே. அப்பா எதைக் கொடுத்தாலும் கை நீட்டிப் பழகிவிட்டது. அதை நினைத்தால் எனக்கே கூசுகிறது.

எனக்கு எழுத வேண்டாம். மாலை, மைக் எதுவும் இல்லாமல் மலையேறி வந்து அவளிடம் பேசுங்கள். அவள் வகுப்புக்குத் திரும்பும்வரை நான் வீட்டுக்கு வரப்போவதில்லை, பொங்கலானாலும் சரி.

தேவிப்ரியா

வெள்ளிமலை
6.12.2024

அன்புள்ள அப்பா,

வெண்ணிலா நேற்று வந்துவிட்டாள்!

அவர்கள் வீட்டு வாசலில், வெறுந்தரையில் நீங்கள் உட்கார்ந்தது என் கண்ணிலேயே நிற்கிறது. "ஒங்களையும் அடிச்சாங்களா தாத்தா?" என்று கேட்டாள். "ஆமா கண்ணு" என்று உள்ளங்கையை நீட்டினீர்கள். "ரொம்ப வலிச்சுதா?" என்றதும் தலையைக் குனிந்துகொண்டீர்கள். அவள் உங்கள் கையைப் பிடித்து ஊதிவிட்டாளே, அப்போது நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: "அந்தத் தாத்தா பாவம், சின்னப்புள்ளையில நெறைய அடி வாங்கிட்டாரு."

இத்தனை நாள் உங்கள்மேல் கோபம் மட்டும்தான் இருந்தது. அடி வாங்கிய அந்தச் சின்னப் பையனை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. பொங்கலுக்கு முன்னாலேயே வருகிறேன். அம்மாவிடம் சொல்லுங்கள்.

உங்கள் செல்ல மகள்,
தேவி

கள்ளக்குறிச்சி
10.12.2024

அன்பு மகளுக்கு,

நீ வருவதாகச் சொன்னதும் சாம்பாருக்கு உப்பு திரும்பிவிட்டது.

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஷேக் தாவூதின் மளிகைக் கடைக்குப் போனேன். உனக்குத் தெரியுமே, பள்ளிக்கூடத்தில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவன். ஆட்கள் நிற்கும்போதே சத்தமாகப் படித்துக் காட்டினேன். என் புத்தி அப்படி. மிளகாய் நிறுத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்.

"இன்னாடா வெங்கடேசா, அந்தப் பாப்பா உன் கையில ஊதுச்சா?"

"ஆமாண்டா."

"அப்ப என் கையில யார்ரா ஊதறது?"

அதோடு மிளகாயைக் கட்டிக் கொடுக்கப் போய்விட்டான். நல்லவன், வெளியே சொல்ல மாட்டான். எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவன் கேட்டதன் அர்த்தத்தைக் கீழே எழுதுகிறேன். கையெழுத்தைப் போட்டு முடித்தால் கொஞ்சம் தைரியம் வருகிறதா பார்க்கலாம். படித்துவிட்டு, வருவதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்.

உன் அப்பா,
வெங்கடேசன்

பி.கு.: விளார் எங்கள் வீட்டுடையது என்பதால், நாராயணசாமி வாத்தியார் என்மேல் ஒரு அடிகூட வைத்ததில்லை.