சேந்தனாரின் முதுகெலும்பு

நலம் பெருகுக. ஏழு ஏரிகளுக்கும் இரு மலைக்கணவாய்களுக்கும் காவலரும், செவ்வேல நாட்டின் வேந்தருமான இளவெழினியார் திருமுன்னர், வெண்குன்றக் கோட்டத்தின் தலைவரும், அரசவையில் குனியாமல் நிற்கும் உரிமையை ஒன்பது தலைமுறையாகப் பெற்றிருக்கும் சேந்தன் குடியின் மூத்தவருமாகிய கொற்றங்கீரனார் எழுதுவித்த ஓலை. வேந்தரின் மதகுகள் வற்றாதிருக்க. களஞ்சியக் கதவுகள் மூட இயலாதபடி நெல் குவிக.

புதுநெல் விழாவில் எல்லோரும் குனிந்து வணங்க வேண்டும், சேந்தன் குடி விலகி நிற்க விரும்பினால் தக்க காரணம் காட்ட வேண்டும் என்று வேந்தர் அனுப்பிய ஆணையைத் தலைவர் எழுந்து நின்று பெற்றுக்கொண்டார். அதன் பின்னால் இருப்பவர் வேந்தரின் தாய்மாமன் மாவேள் என்பதை அவர் அறிவார். கிழவர் முதுகில் உலக்கையைக் கட்டிக்கொண்டு திரிகிறாரா என்று அந்த அம்மான் அவையில் கேட்டதும், அதற்குச் சிரித்தவர்கள் யார் யார் என்பதும் வெண்குன்றம் வரை வந்து சேர்ந்தன.

காரணம் உண்டு. சேந்தன் குடியில் பிறந்தவருக்கு முதுகெலும்பு துண்டு துண்டாக அமைவதில்லை. கழுத்திலிருந்து இடுப்பு வரை அது ஒரே எலும்பு. குடியின் முதல்வரான பெருஞ்சேந்தனார் குனிய மாட்டார் என்பதைக் கண்ட அக்கால வேந்தரே இவ்வுரிமையை வழங்கினார். இதை மெய்ப்பிக்கவே தலைவர், அம்முன்னோரைப் புதைத்த ஈமத்தாழியைச் சடங்கு முறைப்படி திறந்து, எலும்புகளை வெண்பட்டில் பொதிந்து, தலைநகரின் மருத்துவச் சாலைக்குத் தாமே கொண்டுவந்தார்.

அங்கே மாவேளும் அவையோர் பன்னிருவரும் பார்த்திருக்க, மருத்துவி பூதங்கண்ணி எலும்புகளைப் பாயில் வரிசையாகப் பரப்பினாள். மண்டையோடு மூளைக்குக் கோட்டை என்றாள். பக்கத்துக்குப் பன்னிரண்டாக வளைந்த விலா எலும்புகள் நெஞ்சையும் நுரையீரலையும் காக்கும் கூடு என்றாள். உடலிலேயே நீளமான தொடையெலும்பு நம் பாரத்தைத் தாங்குகிறது, எலும்புகளுக்குள்ளே குருதியும் ஊறுகிறது, வளர்ந்த மனிதருக்கு எலும்புகள் இருநூற்று ஆறு என்று சொல்லிக்கொண்டே போனாள். தாம் பாடம் கேட்க வரவில்லை என்று தலைவர் தெரிவித்தார். அவள் கடைசிப் பொதியை அவிழ்த்தாள்.

முதுகெலும்பு ஒரே தண்டாக வெளிவந்தது! மாவேள் பாய்வரை வந்து உற்றுப் பார்த்தார். அம்மானுக்கு இன்னும் உலக்கை தேவைப்படுகிறதா என்று தலைவர் பணிவோடு வினவினார்.

அப்போது அவர் தோளில் வீசிப் போட்ட மேலாடை பட்டு, முன்னோரின் விரலெலும்பு ஒன்று தெறித்து விசிப்பலகைக்கு அடியில் உருண்டது. பெருஞ்சேந்தனார் தரையில் கிடப்பதா? தலைவர் சட்டெனக் குனிந்தார். தலை முழங்காலுக்கும் கீழே போகும் அளவுக்குக் குனிந்து, பலகைக்கு அடியில் கைவிட்டுத் துழாவி, எலும்பை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிமிர்ந்தார். ஐயாவின் ஒற்றை எலும்பு நன்றாகவே மடிகிறது என்று மாவேள் கூற, கூரை அதிரச் சிரித்தார்கள். இதை எழுதாமல் விட்டிருக்கலாம். ஆயினும் சேந்தன் குடி ஓலையில் எதையும் ஒளித்ததில்லை.

சிரிப்பை அடக்கியவள் பூதங்கண்ணி. முன்னோரின் முதுகெலும்பின்மேல் தலைவரின் விரலை வைத்து மெல்ல இழுத்தாள். மூங்கில் கணுக்கள் போல மேடுகள் தட்டுப்பட்டன. கழுத்தில் ஏழு, மார்புக்குப் பின்னால் பன்னிரண்டு, இடுப்புக்கு மேலே ஐந்து. ஆக இருபத்துநான்கும் இவருக்கும் தனித்தனியாகவே பிறந்தன என்றாள். இடையே மெத்தை போல இருக்கும் தட்டுகளால்தான் நாம் வளைகிறோம். இவருக்கோ நோய் வந்து எலும்பு அவற்றின்மேல் வளர்ந்து மூடியிருக்கிறது. விலாவின் மூட்டுகளும் இறுகியதால் ஆழ மூச்சு இழுப்பதே பெரும்பாடாக இருந்திருக்கும். அப்படியிருந்தும் இவர் நெடுங்காலம் குதிரை ஏறியவர் என்பதைத் தொடையெலும்பின் தழும்புகள் சொல்கின்றன என்றாள்.

தலைவர் அமர்ந்துவிட்டார். முதல்வர் குனிய மறுத்தவர் அல்லர், குனிய முடியாதவர். அந்த வலியோடு நாட்டுக்காகக் குதிரை ஏறியவரை, அக்கால வேந்தர் வணங்கச் சொல்லி வருத்தாமல் நிமிர்ந்தே நிற்க விட்டிருக்கிறார். குடியோ நின்றதை மட்டும் நினைவில் வைத்தது, நொந்ததை மறந்தது.

பிறகு தம் முதுகையும் எண்ணும்படி அவர் கேட்டுக்கொண்டார். பூதங்கண்ணி கட்டைவிரலை வைத்து ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணியபடி இறங்கினாள். எழுபத்தோராண்டில் அந்த முதுகை எவரும் தொட்டு எண்ணியதில்லை. பதினாறாவது எலும்பில் தலைவருக்குக் கூச்சம் தாங்கவில்லை, நெளிந்தார், இருபதில் வாய்விட்டே சிரித்துவிட்டார். மாவேளும் கண்ணீர் வரச் சிரித்தார். இம்முறை அச்சிரிப்பில் குத்தல் இல்லை.

ஆகவே தலைவர் அறிவிப்பது: சேந்தன் குடியில் முதுகு வளையும் எவருக்கும் இனி அவ்வுரிமை இல்லை. உப்பு மூட்டை சுமந்து முதுகு இறுகியவர், முன்னோரைப் போல நோயால் வளைய இயலாதவர், எக்குடியினராயினும் அவையில் நிமிர்ந்தே நிற்கலாம் என வேந்தர் கல்லில் பொறித்தருள வேண்டும். வெண்குன்றக் கோட்டத்தில் இவ்வோலை முத்திரை பெறும் நாள் முதலே அது சட்டம். மீறுபவர் தலைவர் முன் வந்து விடை சொல்லக் கடவர்.

புதுநெல் விழாவில் தலைவர் வேந்தரைக் குனிந்து வணங்குவார். இதற்காக நாள்தோறும் காலையில் பயின்று வருகிறார். ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு, அதை ஆணை என்று கொண்டாலும் தவறில்லை: வணங்குவோர் வரிசையில் சேந்தன் குடியே முதலில் நிற்கும், அம்மான் மாவேள் அடுத்து நின்று, எப்படிக் குனிய வேண்டும் என்பதைப் பார்த்துக்கொள்வாராக.

குதிரை முத்திரை இட்டு, கொற்றங்கீரனார் கைந்நாட்டு.