பியூஸு விமானம் ஏறிய சித்திரை

மனசுக்குள் இன்னும் என்னோடு வாயாடிக்கொண்டே இருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

முதலில் நல்ல செய்தி. உங்கள் பியூஸு பத்திரமாக ஜெர்மனி வந்து சேர்ந்துவிட்டான். இதை எழுதும்போது மகள் வீட்டுப் பால்கனியில் உட்கார்ந்து, கீழே போகிற டிராமைப் பார்த்து உறுமுகிறான். வேங்கிக்காலில் நம் வீட்டு வாசலில் குப்பை வண்டியைப் பார்த்து உறுமுவானே, அதே உறுமல்தான்.

டிரான்ஸ்ஃபார்மர் அடியில் நனைந்து கிடந்த குட்டியை உங்கள் லைன்மேன் சட்டைக்குள் போட்டு எடுத்து வந்தீர்களே, அன்று நான் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? "நாயா நானா, முடிவு பண்ணுங்க" என்றேன். நீங்கள் யோசித்தீர்கள். அந்த யோசனையை இன்னும் நான் மன்னிக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் கடைசியாக என் கையைப் பிடித்து, "அவன யார்கிட்டயும் வுட்டுடாதடி" என்றீர்கள். அதற்கு மேல் நான் என்ன செய்வது? மகள் கூப்பிட்டபோது, "அவனும் வந்தாதான் நான் வருவேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவனை அந்த நாட்டுக்குள் விட வெறிநாய்க்கடி ஊசி, ரத்தப் பரிசோதனை, அதற்குப் பிறகு மூன்று மாதக் காத்திருப்பு என்று இழுத்து, சித்திரை வந்துவிட்டது. நம் ஊர் சித்திரை உங்களுக்குத் தெரியாததா? விமானத்தில் நாயைப் பெட்டியில் அடைத்து, கீழே சாமான் அறையில்தான் ஏற்றுவார்களாம். சூட்டில் மாட்டிக்கொண்டால் பெட்டிக்குள்ளேயே நாய் செத்துப்போவதும் உண்டு என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. நீங்கள் நம்பிக் கொடுத்த உயிரை நானே பெட்டியில் பூட்டிக் கொன்றுவிட்டால்?

கால்நடை டாக்டரம்மா பொறுமைசாலி. பியூஸுவின் முகத்தைத் திருப்பிப் பார்த்து, "நீள மூக்கு, நல்லதாப் போச்சு. சப்பை மூக்கா இருந்தா மூச்சு முட்டும், வெயில் காலத்துல வேணாம்னு சொல்லியிருப்பேன்" என்றார். சூடு ஏறுவதற்குள் கிளம்பும் விடியற்காலை விமானமாகப் பார்க்கச் சொன்னார். தண்ணீர்க் கிண்ணத்தை முதல் நாளே உறைய வைத்தால் வழியில் கொஞ்சம் கொஞ்சமாக உருகுமாம். கூட வந்த எதிர்வீட்டு செல்வி, "அரை தூக்க மாத்திரை குடுத்துடலாமே டாக்டர்?" என்றாள். "அந்தப் பேச்சே கூடாதுங்க! மயக்கத்துல இருந்தா சூட்டைச் சமாளிக்கவே அதால முடியாது."

நாலு பக்கமும் காற்று வரும் பெட்டியாக வாங்கினேன். ஒரு மாதம் அதைக் கூடத்திலேயே வைத்துப் பழக்கினோம். பழக்கினோம் என்பது பெருமைக்குச் சொல்வது. அவன் உள்ளே போகவில்லை. நான்தான் தலையை உள்ளே விட்டு "வாடா கண்ணு, எவ்ளோ குளுகுளுன்னு இருக்குது பாரு" என்று கெஞ்சினேன். செல்வி அதை போனில் படம் பிடித்து வைத்திருக்கிறாள். கடைசியில் துவைக்காமல் எடுத்து வைத்திருந்த உங்கள் வேட்டியை உள்ளே விரித்தேன். முகர்ந்தான், போனான், குறட்டை விட்டான். எனக்குப் பொறாமையாக இருந்தது.

கிளம்பும் நாள் சாயங்காலம்தான் நான் தப்புச் செய்தேன். மத்தியானத்துக்கு மேல் சாப்பாடு கொடுக்கக் கூடாது என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் நம் வீட்டில் யார் தயிர் சாதம் சாப்பிடாமல் வாசல் தாண்டியிருக்கிறார்கள்? நீங்கள் கம்பம் ஏறப் போகும்போதும் ரெண்டு வாய் ஊட்டாமல் விட்டிருக்கிறேனா? ஊருக்குப் போகிற பிள்ளையை வெறும் வயிற்றோடு அனுப்ப மனசு வரவில்லை. ஒரு கிண்ணம் நிறைய வைத்தேன்.

ஏர்போர்ட்டுக்குப் போகிற வழியில், வண்டி கீழ்பென்னாத்தூரைத் தொடும்போது அத்தனையும் வெளியே வந்தது. வேறு ஊரே கிடைக்கவில்லை, நீங்கள் பிறந்த ஊரிலேயே எடுத்தான் வாந்தி! டாக்டரம்மாவுக்கு போன் போட்டு அழுதேன்.

"ஒண்ணும் ஆகாதுங்கம்மா, கீழயே எடுத்தானே, அது நல்லதுங்க. மேல போயி, பக்கத்துல ஆளில்லாதப்ப வாந்தி மூச்சுக்குழாயில போயிருந்தா என்ன பண்ணுவீங்க? வாயத் தொடச்சுவிட்டு, கொஞ்சம் கொஞ்சமா தண்ணி காட்டுங்க. இனிமே ஒரு பருக்கை குடுக்கக் கூடாது."

வண்டி ஓட்டிய தம்பி ஓரங்கட்டி, ஒரு வேர்க்கடலைக் கொல்லை பம்புசெட்டில் பெட்டியைக் கழுவித் தந்தார். பெட்டி சுத்தமாயிற்று. வேட்டி வாந்தியில் ஊறி நாறிவிட்டது, போனது போனதுதான். வெறும் பெட்டிக்குள் பியூஸு ஏறவே மாட்டேன் என்று காலை ஊன்றி நின்றான்.

என் கைப்பையில் உங்கள் துண்டு இருந்தது. வேட்டி அவனுக்கு, துண்டு எனக்கு என்று நான் மனசுக்குள் பாகம் பிரித்து வைத்திருந்தேன். அதையும் ஒரு தடவைகூடத் துவைக்கவில்லை. கடைசியாக ஒரு முறை முகத்தை அதில் புதைத்தேன். பிறகு பெட்டியில் விரித்தேன். அவன் ஏறிப் படுத்துக்கொண்டான்.

விடிவதற்குள் விமானம் கிளம்பியது. நான் மேலே, அவன் கீழே. சாப்பாடு கொண்டுவந்து வைத்தார்கள், நான் தொடவில்லை. அவன் பட்டினி கிடக்கும்போது எனக்கு எப்படி இறங்கும்?

இறங்கியதும் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். உள்ளே சத்தமே இல்லை. கம்பிக் கதவில் முகத்தை வைத்தேன். "பியூஸு" என்றேன். பெட்டியே ஆடும்படி வாலை ஆட்டினான். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்தேன், அழுதேன். மகள், "அம்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்றாள். பார்க்கட்டுமே!

துண்டை எடுத்து முகர்ந்தேன். அவன் வாடைதான் ஜாஸ்தி. உங்கள் வாடை ரொம்பக் கம்மி. ஆனால் இருந்தது. இப்போது பகலில் அவனுக்கு, ராத்திரியில் எனக்கு என்று முறை வைத்திருக்கிறோம்.

மார்கழிக் குளிரில் அவனைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வருவேன். நம் ஊர் மலையைக் கிரிவலம் சுற்றுவோம். தயிர் சாதம் வீடு வந்து சேர்ந்த பிறகுதான், இது சத்தியம். அவனை யாரிடமும் விட மாட்டேன். நாயா நானா என்று இனி கேட்கவும் மாட்டேன்.

பாதித் துண்டோடு,
உங்கள் வீட்டுக்காரி, பியூஸுவின் அம்மா