நாலு ஓம் ஸ்பீக்கருக்கு ஏற்ற ரிசீவர்

3-2-25, திங்கள்

ஸ்பீக்கரைப் பாடவைக்கும் ரிசீவர் இன்றும் பாதிப் பாட்டில் அணைந்துவிட்டது. ஆறு ஓமுக்குக் குறையாத ஸ்பீக்கர்தான் மாட்ட வேண்டும் என்று அதன் முதுகிலேயே அச்சடித்திருக்கிறான். என்னுடையது நாலு ஓம். ஓம், அதாவது மின்தடை, குறையக் குறையக் கரண்டை அதிகம் இழுக்கும். அது தாங்காமல் இது படுத்துவிடுகிறது. இதைப் புத்தகம் பார்த்து நானே கண்டுபிடிக்க வேண்டும்! இதை விற்ற கடைக்காரன் சாதிக், “எல்லாத்துக்கும் சேரும் அண்ணாச்சி” என்றான்.

பாட்டு ஓடியபோது என் வீட்டுக்காரி சங்கரேஸ்வரி அடுப்படியில் நின்று உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டினாள். விசைத்தறி ஓட்டிய காலத்தில், அந்தச் சத்தத்தில் நானும் அவளும் கையால்தான் பேசிக்கொள்வோம். அப்படிக் காட்டினால் தறியை நிறுத்து என்று அர்த்தம். இப்போது பாட்டை நிறுத்து என்கிறாள். பார்க்காததுபோல் இருந்துகொண்டேன்.

6-2-25

சண்டை போட்டு வேறு ரிசீவர் வாங்கிவந்தேன். நாலு ஓம் தாங்கும். அணையவில்லை. நான் சொன்னதுதான் சரி.

ஆனால் ஜால்ராச் சத்தமே இல்லையே? நாதஸ்வரம் பஞ்சடைத்ததுபோல் வருகிறது. வால்யூமைக் கூட்டி ஸ்பீக்கர் பெட்டிமேல் கைவைத்துப் பார்த்தேன். தறி ஒழுங்காக ஓடுகிறதா என்பதையும் அந்நாளில் அதன் சட்டத்தில் கைவைத்துத்தான் பார்ப்பேன். அதிர்வு போதாது. இன்னும் கூட்டினேன்.

9-2-25, ஞாயிறு

சங்கரேஸ்வரி மேலநீலிதநல்லூருக்குப் போய்விட்டாள், மகள் பொன்செல்வி வீட்டுக்கு. முகத்துக்கு நேரே வந்து நின்று சொன்னாள்: “தறிய வித்த பெறவாவது வாயால பேசலாம்னு இருந்தேன். கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கீய. காதக் கொண்டுபோய் டாக்டர்ட்ட காட்டுங்க. காட்டுனேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, வாரேன்.”

என் காதுக்கு என்ன கேடு? நாலு ஓமைக் கண்டுபிடித்தது யார்? போகட்டும்.

12-2-25

சாதிக் வந்து பார்த்தான். காதைப் பொத்திக்கொண்டு நின்றான். நடிப்பு. “ஜால்ராச் சத்தம் வர்ற ட்வீட்டர் நல்லாப் பாடுது அண்ணாச்சி, எனக்குக் காது கூசுது” என்றான். அப்படியானால் கோளாறு ரிசீவரில்தான். தூக்கிக்கொண்டு போய்ச் சரிபண்ணிக் கொண்டுவா என்று அனுப்பிவிட்டேன்.

14-2-25

ரிசீவர் இன்னும் வரவில்லை. அவளும்தான்.

16-2-25, ஞாயிறு

நாள் முழுக்க முன்னறையில் வாசலுக்கு முதுகு காட்டி, ஸ்பீக்கரைப் பார்த்து உட்கார்ந்து புத்தகம் படித்தேன். யாரும் வரவில்லை. நானாகப் போன் செய்ய மாட்டேன்.

17-2-25

பக்கத்து வீட்டு எபினேசர் வழிமறித்தான். “நேத்து அக்கா வந்து எம்புட்டு நேரம் கதவத் தட்டுனாவ! ஜன்னல்ல பாத்தா நீங்க அசையாம உக்காந்திருக்கீய. தெறக்க மனசில்ல போலன்னு அழுதுட்டே பஸ் ஏறிட்டாவ. இப்பிடியுமா இருப்பீய அண்ணாச்சி?”

“ஆமா, தெறக்கல” என்றேன்.

வேறு என்ன சொல்ல? பாட்டு ஓடியது, கேட்கவில்லை என்று சொல்லக்கூட வழியில்லை. ரிசீவர் சாதிக் கடையில் கிடக்கிறது. வீட்டில் ஃபேன்கூட ஓடவில்லை.

கல்நெஞ்சக்காரன் என்று நினைத்துவிட்டுப் போகட்டும். செவிடன் என்று சொல்வதற்கு அது மேல்.

மேலா?

19-2-25, புதன்

சாதிக் ரிசீவரைக் கொண்டுவந்து மாட்டினான். இப்போ கேட்குதா என்றான். கேட்குது என்றேன். கைவைத்துப் பார்க்கவில்லை. அவன் போனதும் அணைத்துவிட்டேன்.

வாசல் கதவுக்கு இப்போது தாழ் போடுவதில்லை. நாற்காலியையும் வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டிருக்கிறேன்.