வில்மா டிராஸ்க் திரும்ப வாங்கிய ஓவியம்

நவம்பர் 2
மழை. ஏலத்துக்கு இன்னும் இரண்டு வாரம். எங்கள் ஏல நிறுவனத்தின் முதலாளி ஹாலிஸ் மதியம் கூப்பிட்டு, "ஜோசலின், இந்த சீசன் நல்லா முடிஞ்சா தலைவர் நாற்காலி உங்களுக்குத்தான்" என்றார். நியூயார்க் முழுவதும் அதற்கு முன்பே தெரிந்திருந்தது போலிருக்கிறது. மாலைக்குள் மூன்று பூங்கொத்துகள்.

நவம்பர் 9
ஓவியர் வில்மா டிராஸ்க் வந்தார். எண்பத்தொரு வயது. இளம் வயதில் அவர் ஒரு பல் மருத்துவருக்கு விற்ற மஞ்சள் ஓவியம் பற்றித்தான். மருத்துவரின் மகன் இப்போது எங்களிடம் ஏலத்துக்குக் கொடுத்திருக்கிறான். அதை ஏலம் கேட்க வில்மா பதிவு செய்ய வேண்டுமாம்.

"நீங்க வரைஞ்சதை நீங்களே கேக்கப் போறீங்களா?"

"ஏன், சட்டத்துல இடமில்லையா?"

"இருக்கு. பணம்?"

"வீட்டை வித்துட்டேன். என்னம்மா முழிக்கிற? பேரை எழுதிக்கோ."

எதற்காக என்று கேட்டேன். வாங்கிய பிறகு சொல்கிறாராம்.

நவம்பர் 11
ஹாலிஸிடம் சொன்னேன். சிரித்தார். எங்கள் பெரிய வாடிக்கையாளர் ஒருவரும் அதே ஓவியத்தைத் தொலைபேசியில் கேட்கப் போகிறார். "அவர் இழுத்து இழுத்துத்தான் யோசிப்பார். கிழவிக்காக அவசரப்படாதீங்க."

நவம்பர் 18
நேற்று ஏலம். தயங்குகிறவரைப் பார்த்துச் சிரித்து, "இன்னும் ஒரே ஒரு தடவை?" என்று உசுப்பிவிடுவது என் வேலை. வில்மாவை உசுப்பவில்லை. போதும் என்று கண்ணால்கூடச் சொன்னேன். தூக்கிய கை இறங்கவில்லை. நாலரை லட்சம் டாலர்.

தொலைபேசிப் பக்கம் திரும்பினேன். வாடிக்கையாளருக்காக அதைக் காதில் வைத்திருந்த எங்கள் அலுவலகப் பெண், அவர் யோசிக்கிறார் என்று சைகை காட்டினாள். ஒரு தரம். காத்திருந்தேன். இரண்டு தரம். காத்திருந்தேன். பின்சுவரோரம் நின்ற ஹாலிஸ், பொறு என்று விரல் காட்டினார்.

மூன்று தரம். சுத்தியலை அடித்தேன். அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் கையைத் தூக்கினாள்.

இடைவேளையில் ஹாலிஸ்: "ரெண்டு மூச்சு பொறுத்தா என்ன?"

"வேற யாருக்கும் இவ்ளோகூடப் பொறுத்ததில்ல."

உண்மைதான். ஆனாலும் — அந்தப் பொண்ணு விலை சொல்ல மூச்சை இழுத்ததைப் பார்த்துட்டுத்தான் அடிச்சேனா? தெரியல. நெஜமாவே தெரியலையே.

டிசம்பர் 4
தலைவர் பதவி லண்டன்காரர் ஒருவருக்கு. எனக்குப் பழைய அறையே. சன்னல் பரவாயில்லை.

மார்ச் 14
வில்மா கூப்பிட்டிருந்தார். க்வீன்ஸ் பகுதியில், சலவைக்கடைக்கு மேலே வாடகை அறை. கட்டில், அடுப்பு, ஓவியம். கிட்டே போனேன். இடது மூலை நீலமாக மாறியிருந்தது. ஈரம் காயவில்லை.

"என்ன பண்ணிட்டீங்க!"

"அந்த மூலை தப்பு. அன்னிக்கு சோத்துக்கு வழியில்ல, அப்படியே குடுத்துட்டேன். அம்பது வருஷமா உறுத்திக்கிட்டே கிடந்துச்சு."

விலை பாதியாகியிருக்கும் என்று மனம் கணக்குப் போட்டது. பழக்கதோஷம். பழைய மூலையே நன்றாக இருந்ததாகவும் பட்டது.

"எப்படி இருக்கு, சொல்லேன்."

"முடிஞ்சிருக்கு" என்றேன்.

"அவ்ளோதான் வேணும். உக்காரு, சூப் இருக்கு."

நாற்காலி போன கதையை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சூப்பில் உப்பு அதிகம். இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தேன்.