உன் காரில் ஒலித்த என் குரல்

நேற்று என் அப்பாவின் பழைய காரை மெக்கானிக் பிரித்துப் போட்டான். சிகரெட் லைட்டர் துளையில் செருகியபடியே கிடந்த கறுப்புச் சாமான் ஒன்றைப் பிடுங்கி என் கையில் கொடுத்து, "இது என்னதுண்ணே?" என்று கேட்டான்.

"பாட்டு கேக்கறதுக்கு" என்றேன். அதற்கு மேல் எதுவும் சொல்லப் பிடிக்கவில்லை. நீ வாங்கித் தந்தது அது. நீ செத்து நான்கு மாதமாகிறது. உன் சாவுக்கு நான் வரவில்லை. வராததற்காக ஒரு நாளும் வருந்தவும் இல்லை. அதை உன்னிடமே சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாம் இருவரும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தோம். நான் நாரணாபுரம் பக்கத்து யூனிட்டில் போர்மேன். நீ டவுன் ஆபீசில் மேனேஜர். முதலாளியின் காரையும் நீதான் ஓட்டுவாய். எனக்கு அப்பா வாடகைக்கு ஓட்டி ஓய்ந்த கார். இரண்டுமே கேசட் காலத்து வண்டிகள். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, ஊரில் கேசட் விற்பதே நின்றுபோயிருந்தது. உன் சட்டைப் பையில் மட்டும் விரல் நீளத்துக்கு ஒரு எம்பி3 பிளேயர், அதற்குள் முந்நூறு பாட்டு. அவற்றை எப்படியாவது கார் ஸ்பீக்கரில் கேட்டுவிட வேண்டும் என்று அலைந்தாய். முதலில், பிளேயரில் மாட்டுவதற்கு ஒயர் தொங்கும் ஒரு போலிக் கேசட் வாங்கி வந்தாய். என் கார் செட் அதை உள்ளே இழுக்கும், அடுத்த நொடியே வெளியே துப்பும். நாம் அட்டையை மடித்துச் செருகி, கையால் அழுத்திப் பிடித்து, சாத்தூர் வரைக்கும் அப்படியே பாட்டு கேட்டுக்கொண்டு போயிருக்கிறோம். "பாட்டு இல்லாத காரும் ஒரு காராலே?" என்பாய்.

அப்புறம் சென்னைக்குப் போனவன் இந்தக் கறுப்புச் சாமானில் இரண்டு வாங்கி வந்தாய், ஒன்று என் காருக்கு, ஒன்று நீ ஓட்டும் முதலாளி காருக்கு. பிளேயரை இதோடு இணைத்தால், இது ஒரு குட்டி வானொலி நிலையம் மாதிரி பாட்டைக் காற்றில் விடும். கார் ரேடியோவை அதே நம்பரில் திருப்பி வைத்தால் பாட்டு வரும்.

"ரெண்டையும் ஒரே நம்பர்ல வச்சிருக்கேன்லே. உன் வண்டி பக்கத்துல நின்னா நான் போடுறது உனக்கும் கேக்கும்" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பை நம்பினேன். உன்னைவிட நெருங்கியவன் எனக்கு அப்போது யாரும் இல்லை.

தீபாவளி சீசனுக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனைக்குட்டம் அணைப் பக்கம் போனோம். காரை நிறுத்தியதும் மனதில் இருந்ததைக் கொட்டினேன். நான்கு பேர் உட்கார வேண்டிய அறையில் பத்துப் பேரை உட்கார வைக்கச் சொல்கிறார்கள், வெடிமருந்து கலக்கும் இடத்துக்கு எதிரிலேயே சரக்கைக் காயப் போடுகிறார்கள், தூக்கம் வரவில்லை, அதிகாரிகளுக்கு எழுதிப் போடப் போகிறேன் என்றேன். நீ பாட்டை நிறுத்தினாய். பிளேயரைக் கையில் எடுத்து எதையோ அமுக்கினாய். அடுத்த பாட்டைத் தேடுகிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

"காத்து இரையுது. மொதல்லருந்து சொல்லு, சரியாக் கேக்கல" என்றாய்.

மடையன் மாதிரி முதலிலிருந்து சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை காலை திருத்தங்கல் ரயில்வே கேட் அடைத்திருந்தது. எனக்கு முன்னால் முதலாளியின் கார். நீ ஓட்டுகிறாய், அவர் பின்சீட்டில். என் ரேடியோ நீ வைத்துத் தந்த நம்பரில் வெறுமனே இரைந்துகொண்டிருந்தது. திடீரென்று இரைச்சல் நின்று ஒரு குரல் வந்தது. "நாலு பேர் இருக்க வேண்டிய ரூம்ல பத்துப் பேரு..." அது யார் குரல் என்று எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பேச்சை வைத்துத்தான் அது என் குரல் என்று தெரிந்தது. உங்கள் காரின் பின்கண்ணாடி வழியே முதலாளியின் தலை மெல்ல ஆடுவது தெரிந்தது. அணைக்கரையில் நான் சொன்னது முழுவதையும், நீ பிளேயரில் பதிந்துவைத்திருந்தபடியே, நானே கேட்டேன். ரயில் போனது, கேட் திறந்தது. கண்ணாடியில் என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனாய்.

மத்தியானமே என்னை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நேராக உன் வீட்டுக்கு வந்தேன்.

"எதுக்குலே இப்படிச் செஞ்ச?"

"நீ எழுதிப் போட்டா கம்பெனிய மூடிருவாக. அம்புட்டுப் பேரும் எங்கன போவோம்?"

"அத எங்கிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொன்னா நீ கேட்டிருப்பியா?"

நீ கத்தவில்லை, தலை குனியவும் இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு நின்று பேசினாய். அந்தக் கையை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

வேறு எந்தப் பட்டாசுக் கம்பெனியும் என்னைச் சேர்க்கவில்லை. அதிகாரிகளுக்கு எழுத நினைத்த மடலையும் எழுதவில்லை. திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் பேப்பர் வெட்டும் வேலைக்குப் போனேன். அடுத்த சீசனில், பழைய யூனிட்டில் பத்துப் பேரை உட்கார வைத்த அதே அறையில் தீப்பிடித்தது. கதவுக்குத் தொலைவில் உட்கார்ந்திருந்த செல்லத்தாயி அக்கா மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். என்னிடம் ஆறு வருடம் வேலை பார்த்தவள். அவள் பிணத்தை வண்டியில் ஏற்றும்போது எதிர்ப்பக்கம் நின்று யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தாய்.

விசாரணை அதிகாரி ஒருவர் அச்சகத்துக்கே வந்தார். "அங்கே அதிகமா ஆள் வைப்பாங்களா? நீங்க போர்மேனா இருந்தீங்களே" என்று கேட்டார். நான் எதிரே இருந்த காகிதக் கட்டைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றேன். அணைக்கரையில் இரண்டு தடவை தெளிவாகச் சொன்ன வாய், கேட்க வேண்டியவர் வந்து கேட்டபோது ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று நீ கற்றுக்கொடுத்திருந்தாய். இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் அது.

நீ செத்த செய்தி வந்த வாரம் நாரணாபுரம் போனேன். செல்லத்தாயி அக்காவின் மகள் வாசலில் உட்கார்ந்து தீப்பெட்டி அட்டை ஒட்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். உன் பெயரையும் சொன்னேன், நீ செய்ததையும் சொன்னேன், அதிகாரியிடம் நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். கேட்டு முடிக்கும்வரை அவள் நிமிரவில்லை.

"அவுக செஞ்சது இருக்கட்டும். அம்புட்டு நாளும் நீங்க எங்கன இருந்தீக?" என்றாள்.

உன்னைக் கைகாட்டி அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிட்டேன். உன் மேல் இருந்த கோபம் அன்றைக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை, இன்னும் ஏறியிருக்கிறது. ஏனென்றால் அக்காவின் சாவில் பாதிப் பங்கு எனக்கும் உண்டு என்று இப்போது தெரியும். நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். இரண்டு பங்கையும் நான் ஒருவனே சுமந்துகொண்டிருக்கிறேன்.