கூட வரும் ஆளின் எடை

உன் பையை இன்று காலைதான் திறந்தேன். ஐந்து மாதமாக என் பீரோவின் மேல் கிடந்தது. உள்ளே ஒரு துண்டு, பிளாஸ்க், ஒரு செட் மாற்று உடுப்பு, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, உன் நீல நோட்டு. எல்லாவற்றுக்கும் அடியில் அந்தக் கொக்கித் தராசு. பழைய பேப்பர் எடுக்க வருகிறவர்கள் வைத்திருப்பார்களே, அது. எதையும் மாட்டாதபோதும் அதன் முள் அரைக் கிலோவில் நிற்கும். வேறு வாங்கு என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். "அரைக் கிலோ கழிச்சுக்க, அம்புட்டுத்தானே" என்பாய். கடைக்கு ஐந்து நிமிட நடை. போகவில்லை நீ.

தூக்கிப் போடத்தான் அதை வெளியே எடுத்தேன். பிறகு பையை அதில் மாட்டிப் பார்த்தேன். முள் ஆறில் நின்றது. மனசு தானாகவே ஐந்தரை என்றது. என்னையும் கெடுத்து வைத்திருக்கிறாய்.

இது கோபமாக எழுதும் கடிதம். போனவர்களிடம் கோபப்படக் கூடாது என்கிறார்கள். நீ இருந்தபோதும் என்னால் ஒழுங்காகக் கோபப்பட முடிந்ததில்லை, குறுக்கே பேசுவாய். இப்போதாவது முடிக்க விடு.

சென்னையில் நான்கு வருடம் ஒரே பெஞ்சில் வானூர்திப் பொறியியல் படித்தோம். ஆளுக்கொரு வேலை, ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு சலிப்பு. திண்டுக்கல்லுக்கே போய்விடலாம் என்று சொன்னது நீ. பேகம்பூரில், நீ அத்தா என்று கூப்பிடும் உன் அப்பாவின் தோல் கிடங்குக்கு மேல்மாடியில் இரண்டு மேஜை போட்டோம். கீழே உப்புத் தோல் வாடை. மேலே ஹெலிகாப்டர் கணக்கு. யாரோ வாங்கப் போகும் இயந்திரங்களைப் பற்றி யாருக்கோ அறிக்கை எழுதிக் கொடுப்பதுதான் தொழில் என்று சொன்னபோது என் அம்மா நெய்க்காரப்பட்டியிலிருந்து போனில் கேட்டாள்: "ஏங்கண்ணு, திண்டுக்கல்லுல ஹெலிகாப்டரு எங்க நிக்குது?" உனக்கு அதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஒரு மாதம் அதையே சொல்லிச் சிரித்தாய்.

பைபாஸ் பக்கத்து ஆஸ்பத்திரியின் டாக்டர் நம்மைத் தேடி வந்தது அப்போதுதான். கொடைக்கானலில் மாரடைப்பு வந்தவரை மலைப்பாதையில் இறக்கிக் கொண்டுவர மூன்று மணி நேரம். ஹெலிகாப்டர் என்றால் நிமிடக் கணக்கு. அவர் இரட்டை இன்ஜின் கொண்ட இலகு ரக ஹெலிகாப்டர்கள் இரண்டைப் பார்த்து வைத்திருந்தார். எது நல்லது என்று ஒரே வரியில் சொன்னால் போதும் என்றார். நமக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. ஒரே வரி. நீ நாற்பது பக்கம் எழுதினாய்.

சின்னவள், பெரியவள் என்று அவற்றுக்குப் பேர் வைத்தோம். பெரியவளின் உச்ச எடை சரியாக மூன்றாயிரத்து நூற்று எழுபத்தைந்து கிலோ. இலகு ரகத்துக்குச் சட்டம் போட்டிருக்கும் வரம்பும் அதேதான். அதற்கு மேல் போனால் பெரிய ஹெலிகாப்டர்களின் வகைக்குள் போக வேண்டும், சோதனைகள் கூடும், வருடங்கள் கூடும். சட்டையை முதலில் தைத்துவிட்டு உடம்பை அதற்குள் திணித்த மாதிரி இருக்கிறது என்றாய். இந்த ரகத்தில் ஒன்றுக்குச் சில நாடுகள் வரம்பைத் தாண்டிக்கொள்ள அனுமதி கொடுத்ததையும், சில நாடுகள் மறுத்ததையும் படித்துவிட்டு, நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாய். "அப்ப எல்லையத் தாண்டையில இரும்பு எளைச்சுருமாக்கும்."

அனுமதித்த எடை வேறு, தூக்கக்கூடிய எடை வேறு. இது நமக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியாது. சமவெளியில், குளிர்ந்த காலையில், ஹெலிகாப்டர் வரம்பு வரை தூக்கும். இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில், மே மாத மதியத்தில், காற்று மெலிந்துவிடும். அங்கே இறங்கலாம். நோயாளியோடு மறுபடி எழும்ப வேண்டும். எழும்பும்போது ஓர் இன்ஜின் நின்றால் மற்றது ஒன்றே எல்லோரையும் தூக்கியாக வேண்டும். அந்த நிலைமைக்கு எவ்வளவு ஏற்றலாம் என்பது கையேட்டின் வரைபடங்களில் இருக்கிறது. விளம்பரத் தாளில் இருக்காது. விளம்பரத் தாளைப் பார்த்தாலே உனக்கு ஒரே பேச்சுத்தான்: "உப்பத் தட்டிட்டு நிறு."

உன் அத்தா கிடங்கில் சொல்வது அது. தோல் உப்போடு வரும். தட்டாமல் நிறுத்தால் உப்பையும் சேர்த்து வாங்கியதாகிவிடும். நீ ஒவ்வொரு எண்ணையும் தட்டினாய். ஸ்ட்ரெச்சர், ஆக்ஸிஜன் சிலிண்டர், மானிட்டர், இரண்டு பைலட், ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், நோயாளி, திரும்பி வர எரிபொருள். தட்டத் தட்ட சின்னவள் கழன்றுகொண்டாள். பெரியவளுக்கு நாற்பத்தோரு கிலோ மிச்சம் இருந்தது. நான் எழுந்து டீ சொல்லப் போனேன். வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

திரும்பி வந்தபோது அட்டவணையில் ஒரு வரி கூடியிருந்தது. கூட ஒரு ஆள்.

கையேட்டில் அப்படி ஒருவர் கிடையாது. உலகத்தில் எந்த அட்டவணையிலும் கிடையாது. சொன்னேன். நம் ஊரில் எந்த நோயாளி தனியாக ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார் என்று கேட்டாய். மறுநாள் தராசைத் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரி வாசலுக்குப் போய்விட்டாய். மண்டையைப் பிளக்கும் வெயில். மூன்று நாள். வெட்கத்தோடு நானும் வந்தேன், உன் குடையைப் பிடித்துக்கொண்டு.

கூட வந்தவர்களின் பைகளை நிறுத்தாய். பிளாஸ்க், பாய், தலையணை, ஸ்கேன் கவர், ஆரஞ்சு, ஒருவரிடம் பிளாஸ்டிக் வாளி. மலையிலிருந்து வந்த ஒரு பெண், பையையும் நிறுத்துத்தான் இப்போது உள்ளே விடுகிறார்களா என்று பயந்தே போனாள். இல்லை, சும்மா எழுதிக்கொள்கிறோம் என்றாய். "சும்மா எதுக்குத் தாயி எழுதுறீக" என்றாள். இன்னொருத்தியிடம் அவள் எடையைக் கேட்டாய். "கலியாணத்தப்ப அம்பது" என்றாள். நீ அவளைக் கீழிருந்து மேலே பார்த்தாய். "ரெண்டு பிள்ளைக்கு அப்பறம் யாரு நிறுத்தா" என்று அவளே சிரித்துவிட்டாள். எதிரே மருந்துக் கடை வாசலில் இருந்த எடை மெஷினுக்கு அவளைக் கையைப் பிடித்து அழைத்துப் போனாய். அங்கே நின்று என்னையும் ஏறச் சொன்னாய். நான் ஏறவில்லை. என் எடை உன் அறிக்கைக்கு எதற்கு.

ஆளும் பையுமாகச் சராசரி அறுபத்தொன்பது. நாற்பத்தோரு கிலோவுக்குள் அறுபத்தொன்பதை வைத்தாய். பெரியவளும் தோற்றாள்.

நான் வரியை அழித்தேன். நீ திரும்பப் போட்டாய். அழித்தேன். போட்டாய். கோப்பின் பெயர் 'இறுதி' என்றிருந்தது 'உண்மையான இறுதி' ஆயிற்று, பிறகு 'இறுதி, இதுக்கு மேல கை வைக்காத' ஆயிற்று. கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு மதியம், கீழே தோல் இறக்குகிறவர்களுக்குக் கேட்கும்படியாகவே சண்டை போட்டோம். நோயாளி மட்டும் பறக்கட்டும், சொந்தக்காரர் ரோட்டில் வரட்டும் என்றேன். நீ கத்தவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

"அந்த நேரத்துல ஒரு தாய் அழுதுக்கிட்டு நிப்பாடி. பைலட் ஏத்திருவாரு. அவரும் மனுசன்தானே. அப்பப் பாத்து ஒரு இன்ஜின் நின்னா, நீ அழிச்ச வரியா வந்து தூக்கப் போகுது?"

"விதிய மீறி ஏத்துனா அது பைலட் தப்பு" என்றேன்.

"தப்பு யாருதுன்னா கேட்டேன்? எடை எம்புட்டுன்னு கேட்டேன்."

அதற்குப் பிறகு பத்து நாள் நாம் பேசவில்லை. ஒரே அறையில், இரண்டு மேஜையில், கோப்பின் வழியாக மட்டும். பதினோராம் நாள் உனக்குக் காய்ச்சல். வெறும் காய்ச்சல் என்று நீயே தீர்மானித்து நான்கு நாளை வீணாக்கினாய். ஊர் எடையையெல்லாம் சந்தேகப்பட்டவள், உன் உடம்பு சொன்னதை அப்படியே நம்பினாய். டெங்கு. ரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள்.

ஆம்புலன்ஸ் வந்தது. நோயாளியோடு ஒருவர் மட்டும் என்று கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டியிருந்தது. உன் அம்மா ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். உன் அண்ணன் டிரைவருக்குப் பக்கத்தில். நான் உன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைப் பிடித்தபடி நின்றேன். ஒரு ஆளுக்கு மேல் ஏற்றக் கூடாது என்றார் டிரைவர். தெரியும் என்றேன். தெரிந்துகொண்டு அங்கேயே நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். அழுதேனா, நினைவில்லை.

"சரி, ஏறுங்கம்மா. செத்த தள்ளி உக்காருங்க."

கொடை ரோடு தாண்டியதும் நீ கண்ணைத் திறந்தாய். அம்மாவைப் பார்த்தாய். பிறகு என்னை. பிறகு என் மடியிலிருந்த பையை. உதடு காய்ந்து வெடித்திருந்தது. அந்த நிலையிலும், அந்தச் சிரிப்பு.

"பையோட எம்புட்டுடி?"

காய்ச்சலில் பிதற்றுகிறாய் என்று உன் அம்மா துண்டை நனைத்து நெற்றியில் வைத்தார்கள். எனக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் அவ்வளவு கோபம் வந்தது. "வாய மூடிக்கிட்டுப் படு" என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். மதுரையில் உன்னை உள்ளே கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. நான் உன்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். வாய மூடிக்கிட்டுப் படு. கேட்டுக்கொண்டாய். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் சொன்னதைக் கேட்டாய்.

பேகம்பூரில் ஆண்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு கபர்ஸ்தானுக்குப் போனார்கள். உன் அம்மாவும் நானும் வாசலோடு நின்றோம். யாரும் கதவைத் திறந்து தள்ளி உட்காரச் சொல்லவில்லை.

நாற்பது நாள் கழித்து மேல்மாடிக்குப் போனேன். உன் நாற்காலி ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. நான் அழித்த வரியைத் திரும்பப் போட்டேன். அந்த வரியோடு பெரியவளுக்கு ஒரே வழிதான் இருந்தது. கோடையில் காலைக் குளிரில் மட்டும் மலையிலிருந்து எழும்பலாம். வெயில் ஏறியபின் கூடாது. டாக்டர் தள்ளிவைத்த கெடுவுக்கு, போன வாரம்தான் அப்படியே எழுதி அனுப்பினேன். நேற்று டாக்டர் கூப்பிட்டார். நல்ல மனிதர். ஒட்டன்சத்திரத்துக்காரர், அதட்டிப் பேசத் தெரியாது.

"ஏனுங்க, மாரடைப்பு என்ன காலையிலயா பாத்து வரும்? அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துருங்க. மத்ததெல்லாம் அருமையா இருக்குதுங்க."

நோயாளியைத் தவிர ஆள் ஏற்ற மாட்டோம் என்று ஹெலிகாப்டரில் எழுதி ஒட்டிவிடுவதாகவும் சொன்னார்.

"ஆம்புலன்ஸ்லயும் எழுதி ஒட்டியிருந்துச்சு டாக்டர்" என்றேன்.

அவருக்கு எப்படிப் புரியும். இன்று மாலைக்குள் மாற்றி அனுப்பாவிட்டால் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவதாகச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். அந்த வேறு யாரோ ஒரே வரியில் எழுதிக் கொடுப்பார்கள். பெரியவள் நல்லது. நாற்பத்தோரு கிலோ மிச்சம்.

அதனால்தான் இன்று உன் பையைத் திறந்தேன். சராசரியில் எங்காவது தப்பு இருக்காதா என்று. ஒரு இருபது கிலோ, முப்பது கிலோ. டாக்டர் விரும்பும் எண்ணை நேர்மையாகவே கொடுத்துவிட ஒரு வழி. நீல நோட்டில் நாற்பத்து மூன்று பேர். பெயர், ஊர், ஆள், பை. அடித்தல் திருத்தல் இல்லை. எல்லாப் பைக்கும் அரைக் கிலோ கழித்திருந்தாய். தப்பு இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் நோட்டைச் சுவரில் எறிந்தேன். எடுத்தபோது அடுத்த பக்கம் திறந்திருந்தது. நாற்பத்து நான்காவதாக என் பெயர். ஊர், நெய்க்காரப்பட்டி. ஆளும் பையும் காலி.

சண்டைக்கு முன்னால் எழுதினாயா, பின்னாலா, தெரியவில்லை. என்னை எதற்கு அதில் சேர்த்தாய் என்று கேட்க ஆள் இல்லை.

பெரியாஸ்பத்திரிக்கு எதிரே அந்த மருந்துக் கடை வரை நடந்தே போனேன். உன் பையோடு. வாசலில் அதே மெஷின். பையைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு ஏறினேன். ஐம்பத்தெட்டு. அங்கேயே நின்று கூட்டினேன். ஐம்பத்தெட்டும் ஐந்தரையும். உடனே நீ குறுக்கே பேசினாய்: பையை நிறுக்கும்போது தராசு வெளியே இருந்தது, அது அன்றைக்குப் பைக்குள்தானே இருந்தது. கடைக்காரரின் சிறிய எலெக்ட்ரானிக் தராசில் உன் தராசை வைத்தேன். கால் கிலோ. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பழகிவிட்டது.

என் வரியைச் சேர்த்துச் சராசரியை மறுபடி போட்டேன். அறுபத்தொன்பதுதான். டாக்டருக்கு அதே கோப்பை, அதே பெயரில், மறுபடி அனுப்பிவிட்டேன். கை வைக்கவில்லை. இனி அவர் நம்மைக் கூப்பிட மாட்டார். உனக்குச் சந்தோஷம்தானே.

பையோட அறுபத்து மூணே முக்கால்டி. உப்பத் தட்டிட்டுத்தான் நிறுத்தேன்.