நீ பாதியில் விட்ட அயோலைட்

இன்று காலை ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. பட்டை தீட்டி முடித்த ஒரு கல்லை, அதை ஒட்டியிருந்த குச்சியிலிருந்து கழற்றத்தான் திறந்தேன். தில்லியில், போகலில் நாம் இருவரும் வாடகைக்கு எடுத்த இந்தச் சின்ன அறையில் இத்தனை வருஷமும் இருந்த வாசம்தான் அது. ஆனால் நீ போன பிறகு அதற்குள் ஆஸ்பத்திரியும் வந்து உட்கார்ந்துவிட்டது. சன்னலைத் திறந்துவிட்டு, கல்லைத் தொடாமல், உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ பாதியில் விட்ட அந்த அயோலைட் என்ன ஆயிற்று என்று உனக்கு வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

உன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான சமயத்தில்தான் உன் அண்ணன் அந்தக் கல்லைக் கரூரிலிருந்து கொண்டு வந்தார். தாய்மாமன் சீருக்குக் கடையில் வாங்கிய மோதிரம் வேண்டாம், நம் ஊர் மண்ணில் கிடைத்த கல்லில் ஒன்று செய்துவிடலாம் என்று அவருக்கு ஆசை. கைக்குட்டையில் முடிந்து, ரயிலில் மடியைவிட்டு இறக்காமல் கொண்டு வந்திருந்தார். பார்த்தால் ரோட்டோரத்துக் கூழாங்கல் மாதிரிதான் இருந்தது. நீ அதைத் தண்ணீரில் நனைத்து வெளிச்சத்தில் பிடித்தாய். ஒரு பக்கமாகப் பார்த்தபோது ஊதா கலந்த நீலம். கொஞ்சம் திருப்பியதும் நீலம் வெளுத்தது. இன்னும் திருப்பினால், தேன் கரைத்த வெந்நீர் போல லேசான மஞ்சள், நீலமே இல்லை.

"அயோலைட்டுண்ணா. எந்தப் பக்கம் முகப்பு வெக்கறமோ, அதுலதான் எல்லாம் இருக்குது" என்றாய்.

அண்ணன் டீ குடிக்க இறங்கிப் போன பிறகுதான் லென்ஸை என்னிடம் நீட்டினாய். கல்லின் உள்ளே, ஒரு ஓரத்திலிருந்து நடுவைப் பார்த்து, இமை முடி போல ஒரு விரிசல். விரிசலோடு சேர்த்து இரண்டாக அறுத்துவிடலாம், இரண்டு சின்னக் கற்கள் வரும், தோடு செய்யலாம் என்றேன்.

"தோடு யாரு கேட்டா? சின்னதாப் போச்சுன்னா இந்த நீலம் வெளுத்துப் போயிரும். கல்லைக் கொஞ்சம் சாச்சு வெச்சு விரிசலை ஓரத்துக்குத் தள்ளீரலாம். மோதிரத்துல ஒரு கொக்கி அது மேல வந்து உக்காந்துக்கும்."

"சாய்ச்சா நீலமும் கொஞ்சம் குறையுமே?"

"கொஞ்சந்தான கொறையும்?"

"தீட்டும்போது பிளந்துக்கிட்டா?"

"பொளந்தா, பொளந்ததுக்குத் தக்கன வேற உருவம். போச்சாது புள்ள."

பரவாயில்லை, விடு என்பதற்கு உங்கள் ஊரில் சொல்லும் 'போச்சாது'. லோதி ரோடு குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தச் சொல் உன்னிடமிருந்துதான் வந்தது. சொல்ல வந்தது. அப்படி இருக்க வரவில்லை. நீ அடிப்பாதியைத் தீட்டியபோது என்னால் பக்கத்தில் நிற்க முடியவில்லை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் காப்பிப்பொடி வாங்க வேண்டும் என்று ஒரு சாக்குச் சொல்லிக் கிளம்பிவிட்டேன். திரும்பி வந்தபோது அடிப்பாதி முழுவதும் முடிந்து, கல் குச்சியில் பளபளவென்று இருந்தது. "காப்பிப்பொடி எங்க?" என்று கேட்டாய். நான் வாங்கவே இல்லை.

அடுத்த வாரம் கல்லைத் திருப்பி ஒட்டி மேல்பாதியைத் தீட்டுவதாக இருந்தாய். அந்த வாரம் நீ அறைக்கு வரவில்லை. வயிற்று வலி என்றாய். அதற்குப் பிறகு நீ வரவே இல்லை.

காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து உன் மகள் இங்கே வந்தாள். வருஷத்துக்குள் கல்யாணத்தை நடத்திவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். மேசைமேல் கல் இருந்த டப்பாவை அவளே திறந்தாள்.

"அம்மா ஆதா முடிச்சிருக்காங்க இல்ல ஆன்ட்டி? மீதிய நீங்க பண்ணிடுங்க."

"உள்ள விரிசல் இருக்கும்மா. மேல்பாதி தீட்டும்போது உடைஞ்சாலும் உடையும். இப்படியே பத்திரமா வெச்சுக்கலாமே?"

டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள். "இப்படியே வெச்சா இது அம்மா விட்டுட்டுப் போன சாமான். மோதிரமாச்சுன்னா அம்மா குடுத்தது. ரெண்டுக்கும் ஃபரக் இருக்கு ஆன்ட்டி."



பல நாள் அந்த டப்பாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். முதல் பயம் மெழுகு. நீ கல்லைக் குச்சியில் மெழுகால் ஒட்டியிருந்தாய். அதைக் கழற்ற வேண்டுமென்றால் சூடு காட்ட வேண்டும். சூட்டில் விரிசல் ஓடிவிட்டால்? கடைசியில், அடிப்பாதியில் இன்னொரு குச்சியைச் சூடு வேண்டாத பசையால் ஒட்டினேன். அது இறுகியதும் மெழுகுப் பக்கத்தை ஸ்பிரிட்டில் ஊறவைத்தேன். மறுநாள் வரை போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெழுகு கரைந்து, உன் குச்சி தானாகக் கழன்று வந்தது. லென்ஸில் பார்த்தேன். விரிசல் இருந்த இடத்திலேயே இருந்தது.

பிறகு மேல்பாதியைத் தொடங்கினேன். மிக நைசான சாணைத்தட்டைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, தண்ணீர் சொட்டச் சொட்ட, கல் தட்டில் படுகிறதா என்று எனக்கே சந்தேகம் வருகிற அளவுக்கு மெதுவாகத் தீட்டினேன். விரிசல் இல்லாத பக்கமெல்லாம் நன்றாக வந்தது. விரிசல் இருந்த பக்கத்தைத் திருப்பி வைத்த கொஞ்ச நேரத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை. கீழே தெருவில் ரிக்ஷாக்காரர் யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார், அதையும் தாண்டி எனக்கு அது கேட்டது.

மெஷினை நிறுத்தினேன். லென்ஸை எடுக்கத் தைரியம் வரவில்லை. உன் மகளுக்குத்தான் முதலில் போன் செய்தேன்.

"ஓரம் போயிடுச்சும்மா."

"முழுசா டூட் கயா? உடைஞ்சிடுச்சா?"

"இல்ல. ஓரத்துல ஒரு சில்லு."

"நீலம் இருக்கா?"

"இன்னும் பாக்கல."

"பாருங்க ஆன்ட்டி. நான் லைன்ல இருக்கேன்."

போனைக் காதில் இடுக்கிக்கொண்டு பார்த்தேன். எள்ளளவுதான் போயிருந்தது. அந்தச் சில்லோடு விரிசலும் போயிருந்தது. மிச்சமிருந்த கல் முழுக்கச் சுத்தம். "இருக்கு" என்றேன். அவள் மூச்சு விடுவது கேட்டது. "அப்ப பண்ணுங்க."

நீ நினைத்திருந்த முட்டை வடிவம் இனி வராது. சில்லு போன முனையை ஒடுக்கினால் நீர்த்துளி போல வரும். இன்னொரு யோசனையும் வந்தது. விரிசல்தான் இல்லையே, நீ சாய்த்து வைத்த சாய்வும் இனித் தேவையில்லை; அடிப்பாதி முழுவதையும் மறுபடி தீட்டினால் முழு நீலத்தையும் எடுக்கலாம். ஆனால் நீ தீட்டிய பட்டை ஒன்றுகூட மிஞ்சாது. ரெண்டு நாள் யோசித்தேன். நீ இருந்திருந்தால் எதைச் சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும், நீலத்தைத்தான் சொல்லியிருப்பாய். நான் உன் பேச்சைக் கேட்கவில்லை. அந்த முனையை மட்டும் மாற்றினேன்.

உன் மகள் கல்லைச் சன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். "ஓவல்னுதானே அம்மா சொன்னாங்க?"

"ஆமாம்மா."

"இதுல அம்மா பண்ணது எது?"

கல்லைக் கவிழ்த்து ஊசி முனையால் காட்டினேன். "இதெல்லாம் அம்மா. இந்த முனை மட்டும் நான்." அவள் போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் கவிழ்த்தபடியேதான் பார்த்தாள். நீலம் தெரிகிற பக்கத்தை அப்புறம்தான் திருப்பினாள்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. உன் அண்ணன் மோதிரத்தை அவள் கையில் போட்டபோது மண்டபத்தில் எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். நான் கொக்கி சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பயமே தெரியாதவள் என்றுதான் உன்னை நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் அந்த மத்தியானம்வரை. வெளியே நல்ல மழை. உன் மகள் குர்கானிலிருந்து காரில் வந்துகொண்டிருந்தாள்.

"கெளம்பிட்டாளான்னு கேளு புள்ள."

"இப்பத்தானே பேசினேன். வந்துட்டிருக்கா."

"மறுபடி கேளு. மழையில தனியா ஓட்டிட்டு வர்றா."

கேட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் அதையே சொன்னாய். அவள் வந்து கதவைத் திறக்கும்வரை பிடியை விடவில்லை. உனக்கு இருந்த பயமெல்லாம் ஒரே இடத்தில் இருந்திருக்கிறது.

அது இப்போது என்னிடம் இருக்கிறது. உன் தைரியத்தில் கொஞ்சமாவது ஒட்டிக்கொள்ளும் என்று பார்த்தேன், அது வரவில்லை. உன் மகளை, ஆபீஸ் விட்டு வீடு சேர்ந்ததும் மெசேஜ் போடச் சொல்லியிருக்கிறேன். 'பஹுஞ்ச் கயி ஆன்ட்டி' என்று தினமும் போடுகிறாள். ஏன் ஆன்ட்டி டெய்லி கேக்கறீங்க என்று ஒருநாள் சிரித்தாள். சும்மாதான் என்றேன்.

காலையில் தொடங்கிய மடலை வேலைக்கு நடுவில் விட்டு விட்டு எழுதியதில் இருட்டிவிட்டது. வெளியே எதிர்வீட்டுப் பால்கனிகூடத் தெரியாத பனி. வழக்கமாக இந்நேரம் மெசேஜ் வந்திருக்கும். ஒருமுறை போன் செய்தேன், கிளம்பிவிட்டேன் என்றாள்.

இரு, மறுபடி கேட்கிறேன்.